அப்பளமாய் வளைந்த பேஸ்போல் அட்டைகள்

ரொறொன்ரோவிலிருந்து பெரியப்பா தந்துவிட்ட, பேஸ்போல் வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளை அணிவாரியாகப் பிரித்து, ஒன்பது பை கொண்ட அல்பத் தாள்களில் போட்டிருந்தேன். வெள்ளவத்தையில் கடல் பக்க அறை. ஒக்டோபர் மழை தொடங்கியதும் பளபளப்பான அட்டைகள் மட்டும் அப்பளம் போல வளைந்துவிட்டன. சாதாரண அட்டைகளுக்கு ஒன்றுமில்லை.

தடித்த அகராதியை இரவு முழுக்க மேலே வைத்தேன். எடுத்து இரண்டு மணி நேரத்தில் பழையபடி. வெயிலில் வைக்கச் சொன்னார் அம்மா. நிறம் மங்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூன்று நாள். அசையவே இல்லை.

பிறகுதான் கவனித்தேன், எல்லாமே முகப்புப் பக்கமாகவே வளைந்திருந்தன. முகப்பில் பிளாஸ்டிக் படலம், பின்னால் காகிதம். ஈரத்தைக் குடித்து விரிவது காகிதம்தான். நானோ அட்டைகளை இறுக்கமான உறையோடு டப்பாவில் போட்டிருக்கிறேன்! ஈரம் எந்த வழியால் வெளியேறும்?

உறையைக் கழற்றி, அதே டப்பாவுக்குள் ஒன்றன்மேல் ஒன்று படாமல், காகிதப் பக்கம் மேலே தெரியப் பரப்பினேன். புறக்கோட்டையில் வாங்கிய ஈரப்பதமானி 78 வீதத்திலிருந்து 45 வீதத்துக்கு இறங்கியது. ஒன்றரை நாளில் நேராகின. மறந்து கூடுதலாக விட்ட ஒன்று எதிர்ப்பக்கம் வளைந்தது. அரை மணி நேரம் வெளியே வைக்கச் சரியானது. கடைசியாகத்தான் அகராதி, ஓர் இரவு. அப்பாடா! இப்போது அல்பமே டப்பாவுக்குள் இருக்கிறது.