கிராபிக்ஸ் சிப் போச்சுன்னு கடையில சொன்னா, காசு எடுக்குறதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் பக்கம் பத்து பதினஞ்சு வருஷத்து லேப்டாப் இன்னும் நெறைய வீட்டுல ஓடிக்கிட்டுதான் இருக்கு, அண்ணன் படிச்சு முடிச்சதும் தங்கச்சிக்கு, அப்புறம் அப்பாவுக்கு யூடியூப் பாக்கன்னு கை மாறி கை மாறி. திடீர்னு ஸ்கிரீன்ல கோடு கோடா வரும், இல்ல ஃபேன் சுத்தும் லைட் எரியும் ஆனா படம் வராது. டவுனுக்கு தூக்கிட்டு போனா "கிராபிக்ஸ் சிப் ரோசாக், ரீபால் பண்ணணும்"னு சொல்லிடுவாங்க, அதாவது ஸ்கிரீனுக்கு படம் தயாரிக்கிற சிப் கெட்டுப்போச்சு, அத கழட்டி அடியில உள்ள சால்டர் உருண்டைய மாத்தணும்னு. சிப்பா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அத வீட்டுலயே ஓரளவு கண்டுபிடிச்சிடலாம்.

மொதல்ல ஒரு கேபிள் போட்டு டிவியிலயோ வேற மானிட்டர்லயோ பாருங்க. டிவியில படம் சுத்தமா வந்து லேப்டாப்ல மட்டும் கோடுன்னா பெரும்பாலும் ஸ்கிரீன், இல்ல அதுக்கு போற கேபிள். ஸ்கிரீன் முழு கருப்பா இருந்தா ரூம் லைட்ட அணைச்சிட்டு ஹேண்ட்போன் டார்ச்ச சாய்ச்சு அடிச்சு பாருங்க, மங்கலா படம் தெரிஞ்சா பேக்லைட் போயிருக்கு, சிப் நல்லாதான் வேலை செய்யுது. கோடு வர்ற நேரத்துல ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல ஹேண்ட்போனுக்கு அனுப்பி பாக்குறதும் நல்ல வழி. அந்த படத்துலயும் கோடு இருந்தா கோளாறு சிப் பக்கம், இல்ல டிரைவர் (சிப்ப ஓட்டுற சாஃப்ட்வேர்), படம் சுத்தமா இருந்தா முதல் சந்தேகம் கேபிள் ஸ்கிரீன் மேலதான்.

பக்கத்து லயத்து அக்கா ஒருத்தங்க மகனோட லேப்டாப்ப கொண்டு வந்தாங்க, கடையில சிப்புன்னு சொல்லி விலையும் பேசியாச்சாம். மூடிய மெதுவா முன்னாடி தள்ளுனா பச்சைக்கோடு வருது, பின்னாடி சாய்ச்சா போயிடுது. சிப் எங்கயாவது மூடிய பாத்து கெடுமா? திறந்து பாத்தா கீல் ஓரத்துல கேபிள் நசுங்கி, கறுப்பு டேப் கிழிஞ்சு உள்ள செப்புக்கம்பி ஒண்ணு ரெண்டு வெளிய தெரியுது. கேபிள மாத்துனதும் வேலை முடிஞ்சது.

படமே வரலன்னா அடுத்து ரேம் (மெமரி அட்டை). பேட்டரிய கழட்டி, சார்ஜர புடுங்கி, பவர் பட்டன அரை நிமிஷம் அமுக்கிட்டு, ரேம் ரெண்டையும் எடுத்து தங்கக்கலர் முனைய பென்சில் அழிரப்பரால மெதுவா தேச்சு, ஒண்ணொண்ணா போட்டு பாருங்க. நம்ம ஊரு ஈரத்துல அந்த முனையில பாசி மாதிரி படிஞ்சே நெறைய மிஷின் "செத்து" போகுது. டிரைவர் சந்தேகம் இருந்தா பயாஸ் ஸ்கிரீனுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முந்தின செட்டிங் பக்கம்) போங்க. அங்கயே கோடு வந்தா டிரைவர் மேல பழி போட முடியாது. பயாஸ் சுத்தமா இருந்து விண்டோஸ் வந்ததும் உடையுது, சேஃப் மோட்ல (கூடுதல் டிரைவர் இல்லாம விண்டோஸ் ஓடுறது) நல்லா இருக்கு, டிவைஸ் மேனேஜர்ல (விண்டோஸ்ல உள்ள பார்ட்ஸ் பட்டியல்) கோட் 43ங்கிற எரர் காட்டுதுன்னா டிரைவர ஒரு தடவ சுத்தமா எடுத்துட்டு மறுபடி போடுங்க, அதுக்கும் மசியலன்னா அப்ப சிப்ப சந்தேகப்படலாம்.

சரி, சிப்தான்னு வச்சுக்குவோம். ஏன் போகுதுன்னு தெரிஞ்சாதான் கடைக்காரர் சொல்றது புரியும். சிலிக்கான் துண்டு ஒரு சின்ன பச்சை அட்டை மேல உக்காந்திருக்கு, நடுவுல கண்ணுக்கு தெரியாத சால்டர் (பத்தவைக்கிற உலோகம்) புள்ளிங்க. அந்த அட்டை மதர்போர்டு மேல உக்காந்திருக்கு, நடுவுல கொஞ்சம் பெரிய சால்டர் உருண்டைங்க. ரீபால்னா இந்த கீழ உள்ள உருண்டைய மாத்துறது. ஆனா சூடாகி ஆறி சூடாகி ஆறி விரிசல் விடுறது பல நேரம் மேல உள்ள புள்ளியில. மாடியில ஒழுகுற வீட்டுக்கு கீழ தூணுக்கு சிமெண்ட் பூசுற கதைதான். 2008 ஜூலையில கிராபிக்ஸ் சிப் கம்பெனி என்விடியாவே லேப்டாப் சிப்ல இந்த பேக்கேஜ் கோளாறுன்னு ஒத்துக்கிட்டு 15 கோடியிலேர்ந்து 20 கோடி அமெரிக்க டாலர் வரைக்கும் ஒதுக்குச்சு, ஜிஃபோர்ஸ் 8400எம், 8600எம் போட்ட மிஷின் வச்சிருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2011 மேக்புக் ப்ரோ 15 இஞ்ச், 17 இஞ்ச்ல ஏஎம்டி சிப் போய், ஆப்பிள் 2015ல இலவசமா ரிப்பேர் பண்ணி குடுத்துச்சு.

யூடியூப்ல போர்ட அவன்ல வக்கிறான், ஹாட் கன்ல சூடு காட்டுறான், உயிர் வருதே? வரும். சூட்டுல விரிசல் கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கும், அப்புறம் பழையபடி கோடு. ஈயம் கலக்காத சால்டர் உருகவே 217 டிகிரி வேணும், அதுக்குள்ள பக்கத்துல உள்ள பிளாஸ்டிக் சாக்கெட் எல்லாம் வளையலாம். கேக் சுடுற அவன்ல போர்ட வைக்கவே வைக்காதீங்க, அதுல வர்ற புகை சாப்பாட்டுல சேர்ற சமாச்சாரம் இல்ல.

இதவிட சுலபமான வழி ஒண்ணு இருக்கு, சிப்ப அணைச்சு வக்கிறது. 2011க்கு அப்புறம் வந்த இன்டெல் கோர் மிஷின்ல பெரும்பாலும் பிராசசருக்குள்ளயே ஒரு கிராபிக்ஸ் இருக்கும். திங்க்பேட் டி420, டி430 மாதிரி மிஷின்ல தனி என்விடியா சிப் இருந்தா பயாஸ்ல டிஸ்பிளே பக்கத்துல இன்டெகிரேட்டட்னு மாத்தி வச்சா முடிஞ்சது. அந்த வசதி இல்லன்னா டிவைஸ் மேனேஜர்ல அந்த சிப்ப டிசேபிள் பண்ணுங்க. கேம் ஓடாது, சில மாடல்ல எச்டிஎம்ஐ ஓட்டையும் வேலை செய்யாது, மத்தபடி பாடம், அரசாங்க ஃபாரம், படம் எல்லாம் நடக்கும். அதுக்கு முந்தின கோர் 2 டுவோ காலத்து மிஷின்ல தனி சிப் போட்டிருந்தா பெரும்பாலும் அணைக்க வழி கிடையாது, அதுவே ஒரே கிராபிக்ஸா இருக்கும். டெல் பிரிசிஷன் எம்4600, ஹெச்பி எலைட்புக் 8560டபிள்யூ மாதிரி பெரிய மிஷின் வச்சிருந்தா அதிர்ஷ்டம், கிராபிக்ஸ் தனி கார்டா இருக்கும், ஸ்க்ரூ கழட்டி வேற கார்டு போட்டுக்கலாம்.

திறந்த கையோட கூலிங்கையும் பாத்துடுங்க. ஃபேனுக்கும் செப்புத்தகட்டுக்கும் நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சு கிடக்கும், ஃபேன விரலால புடிச்சுக்கிட்டு ஊதுங்க, சுத்த விட்டா பேரிங் கெட்டுடும். சிப்புக்கும் செப்புத்தகட்டுக்கும் நடுவுல சூட்ட கடத்த தடவியிருக்கிற பழைய பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி இருந்தா ஆல்கஹால்ல துடைச்சிட்டு புதுசு போடுங்க, ஆனா தெர்மல் பேட் (சூட்ட கடத்துற மெத்துன்னு உள்ள தடிச்ச பட்டை) இருந்த இடத்துல பேஸ்ட் போடாதீங்க, அந்த இடைவெளிய பேஸ்ட் நிரப்பாது. தகரக்கூரை வீட்டுல மத்தியானத்துல மெத்தை மேல வச்சு ஓட்டுறத நிறுத்துனாலே நல்ல சிப் நெறைய நாள் தாங்கும்.

கடைசியா சிப்பையே மாத்துறதுன்னா ஈப்போவுலயோ கோலாலம்பூர் லோ யாட் கம்ப்யூட்டர் மால்லயோ கேட்டுப்பாருங்க, ஆனா "ரீபாலா, புது சிப்பா?"ன்னு வாய தொறந்து கேளுங்க. புது சிப்னா மேல நாலு இலக்கத்துல தேதி இருக்கும், 0938னா 2009ல 38வது வாரம் செஞ்சது. தேதி சுரண்டி இருந்தா, எழுத்து புதுசா அச்சடிச்ச மாதிரி பளிச்சுனு இருந்தா வாங்காதீங்க. வாரண்டி எத்தன மாசம்னு பில்லுல எழுதி வாங்குங்க. கூலி, நல்லா ஓடுற பழைய லேப்டாப் விலைக்கிட்ட வந்தா விட்டுடுங்க லா. ஹார்டு டிஸ்க்க மட்டும் கழட்டி யுஎஸ்பி கேஸ்ல போட்டா கல்யாண ஃபோட்டோ எல்லாம் அப்படியே இருக்கும், ரேம், சார்ஜர் யாருக்காவது ஆகும், பேட்டரிய மட்டும் தோட்டத்து குப்பையோட சேர்த்து கொளுத்திடாதீங்க, வெடிக்கும்.