பறித்துக் கொடுத்தால் பகிர்தல் வராது

மழலையர் வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள், நாங்கள் எல்லோரும் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடிக்கக் கூடாது, மற்றவர் முன் அவமானப்படுத்தக் கூடாது என்பவை எவருக்கும் தெரியும். அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. நல்லெண்ணத்தோடு செய்வதாலேயே தவறென்று தோன்றாதவற்றைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

வயதை மறப்பது

இரண்டு வயதுக் குழந்தைகள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் தனித்தனியே கட்டைகளை அடுக்கினால், அவர்களுக்குப் பழகத் தெரியவில்லை என்று பொருளல்ல. 1932ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் இதைக் குழந்தை விளையாட்டின் ஒரு வகையாக விளக்கியிருக்கிறார். இந்த வயதினருக்கு ஒரே மாதிரிப் பொம்மைகளை இரண்டிரண்டாக வைத்தாலே பாதிச் சண்டை குறைந்துவிடும்.

கையிலிருப்பதைப் பறித்துக் கொடுப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சினம் வரவழைக்கும் தவறு இதுதான். ஒரு குழந்தை மர ரயிலை ஓட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று அது வேண்டுமென்று அழுகிறது. உடனே பெரியவர் ஒருவர் வந்து, "நீ நல்ல பிள்ளைதானே, அவளுக்கும் கொடு" என்று சொல்லிக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் ரயிலை எடுத்து அழும் குழந்தையின் கையில் வைக்கிறார். அழுகை நின்றுவிடுவதால் வேலை முடிந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில், வலியவர் எளியவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதை ஒரு குழந்தையும், அழுதால் கிடைக்கும் என்பதை மற்றொரு குழந்தையும் கற்றுக்கொள்கின்றன. பகிர்தலை இருவரில் எவரும் கற்கவில்லை.

இப்படி இரண்டு மூன்று முறை பறிகொடுத்த ஒரு சிறுவன், பெரியவர் யாராவது அருகில் வந்தாலே பொம்மையை முதுகுக்குப் பின்னால் மறைக்கத் தொடங்கினான். அவனை எல்லோரும் கஞ்சன் என்றார்கள். பறிபோகாது என்ற உறுதி கிடைத்த பிறகு, யாரும் கேட்காமலேயே அவன் ரயில் பெட்டிகளைப் பக்கத்திலிருந்தவளிடம் நீட்டினான்.

நாடியா செர்னியாக், தமார் குஷ்னிர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. சோகமாக இருந்த ஒரு பொம்மைக்கு ஸ்டிக்கரைக் கொடுப்பதா, தானே வைத்துக்கொள்வதா என்று தாமே தீர்மானிக்க விடப்பட்ட மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள், கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, அடுத்த முறை அதிகமாகப் பகிர்ந்தார்கள்.

ஆகவே, வைத்திருக்கும் குழந்தையிடம் "நீ விளையாடி முடித்ததும் அவளிடம் கொடு" என்று சொல்லிவிட்டு, எப்போது முடிப்பது என்பதை அதனிடமே விட வேண்டும். நம் கவனம் காத்திருக்கும் குழந்தைக்கே தேவை: "உனக்கு அது உடனே வேண்டும், காத்திருப்பது கஷ்டமாக இருக்கிறது" என்று அதன் தவிப்பைச் சொல்லி, அருகிலேயே உட்கார வேண்டும். ரயில் கைமாறும் கணத்தில், கொடுத்த குழந்தையிடம் "அவள் முகத்தைப் பார்" என்று சொன்னால் போதும். ஊஞ்சல், சறுக்குமரம் போன்ற பொதுவானவற்றுக்கு மட்டும் முறை வைத்து, அந்த விதியை ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பரிசு கொடுத்துப் பகிர வைப்பது

வேண்டாம். உதவியதற்குப் பொருளைப் பரிசாகப் பெற்ற இருபது மாதக் குழந்தைகள், பின்னர் குறைவாகவே உதவியதை வார்னெக்கன், டோமசெல்லோ என்ற ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

கட்டாய மன்னிப்பு

"மன்னித்துவிடு" என்று வாய் சொல்லும், மனம் மன்னிப்புக் கேட்காது. அதற்குப் பதிலாக, அடித்த குழந்தையிடம் அடிபட்டவளுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள்.

எல்லோரும் எல்லோருக்கும் நண்பர்களாக வேண்டும் என்பது

யாரையும் புண்படுத்தாமல் இருப்பதைக் கட்டாயமாக்கலாம். நட்பைக் கட்டாயமாக்க முடியாது. விளையாட்டில் சேர்க்கப்படாமல் நிற்கும் குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் தள்ளுவதைவிட, சற்று நேரம் பார்க்கவிட்டு, அந்த விளையாட்டுக்குப் பொருந்தும் ஒரு வேலையோடு அனுப்புவது பலன் தரும். கடை விளையாட்டு நடந்தால் அவன் பொருள் வாங்க வந்தவனாகப் போகட்டும். வீடு கட்டினால் கட்டைகளைச் சுமந்துகொண்டு போகட்டும்.