சாண்டோரினியில் ஒயின் ருசிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவில் நான் செய்த முதல் தவறு, திராட்சைத் தோட்டத்தின் நடுவில் நின்றுகொண்டே "தோட்டம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டதுதான். கம்பம் பக்கத்துப் பந்தல்களைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. திராட்சை என்றால் தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகத் தொங்க வேண்டும். இங்கே சாம்பல் நிறத் தரையில் முழங்கால் உயரம்கூட இல்லாமல், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கூடைகள் மாதிரி ஏதோ கிடந்தது. பின்னலுக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் காய் தெரிந்தது.

அந்தக் கூடைக்குக் 'குலூரா' என்று பெயர். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கொடியைக் கவாத்து செய்து, இளந்தண்டுகளை வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னுகிறார்கள். காய்கள் கூடைக்குள் பாதுகாப்பாக வளரும். கோடையில் ஏஜியன் கடலில் வீசும் மெல்டெமி என்ற வடகாற்று மணலை வாரி அடிக்கும். பந்தல் போட்டால் தாங்குவது கஷ்டம். கோடையில் மழையும் கிடையாது என்றே சொல்லலாம். இரவில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மண்ணில் இருக்கும் எரிமலை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கொடி பெரும்பாலும் அதை நம்பித்தான் பிழைக்கிறது.

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் இந்த எரிமலை வெடித்துத் தீவின் நடுப்பகுதியே கடலுக்குள் போனது. மிச்சமிருந்த நிலத்தின் மேல் படிந்த சாம்பலும் நுரைக்கல்லும்தான் இன்றைய மண். இதில் களிமண் ஏறக்குறைய இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலோக்சேரா என்ற வேர்ப்பூச்சியால் இந்த மண்ணில் வாழ முடியவில்லை. ஐரோப்பாவில் பெரும்பாலான கொடிகள் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டவை. சாண்டோரினிக் கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன. பல பத்தாண்டுகள் கழித்துக் கூடை கிழடு தட்டினால், அதை வெட்டி எறிந்துவிட்டு அதே வேரிலிருந்து புதுக்கொடி தழைக்க விடுகிறார்கள். அதனால் சில வேர்கள் நூற்றாண்டுகளைக் கடந்தவை. வேலி இல்லையே என்று படம் எடுக்க உள்ளே இறங்குகிறவர்களும், 'காலி இடம்' என்று வண்டியை ஓரங்கட்டுகிறவர்களும் எதை மிதிக்கிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

அடுத்தது, எல்லோரும் விரும்பிச் செய்யும் தவறு: சூரியன் மறையும் நேரத்துக்கு, செங்குத்துப் பாறை விளிம்பில் இருக்கும் ஒயின் கூடத்தில் இடம் பிடிப்பது. காட்சி அபாரம், மறுக்கவில்லை. ஆனால் காற்று கோப்பையிலிருந்து வாசனையை அள்ளிக்கொண்டு போய்விடும். கண்ணில் வெயில், சுற்றிலும் கூட்டம், பணியாளருக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது. அங்கே ஒரு கோப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சூரியனைப் பாருங்கள், அது தனி இன்பம். ருசி பார்ப்பதைக் காலை 11 மணிக்கு, தீவின் உள்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பிர்கோஸ், மெகாலோகோரி, எபிஸ்கோபி கோனியா போன்ற ஊர்களில் பாறையைக் குடைந்து கட்டிய பழைய ஒயின் கூடங்கள் உண்டு. அவற்றைக் 'கானவா' என்கிறார்கள். (நெடிலை விட்டுவிட்டால் தமிழில் கனவாகிவிடும். தப்பில்லை.) 1903-லிருந்து இயங்கும் ஆர்கிரோஸ் போன்ற இடங்களில் கொடியைக் காட்டிவிட்டு அப்புறம் கோப்பையைக் கொடுக்கும் சுற்று இருக்கிறதா என்று கேட்டு, முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

உல்லாசக் கப்பலில் வந்து சில மணி நேரம் மட்டும் இறங்குகிறவர்கள் மூன்று தோட்டம் என்று திட்டம் போடவே வேண்டாம். பழைய துறைமுகத்திலிருந்து மேலே ஃபீரா ஊருக்கு ஏற கேபிள் கார் வரிசையிலேயே நேரம் கரைந்துவிடும். ஒன்று போதும்.

பருவ விஷயத்திலும் ஏமாற்றம் உண்டு. பிரான்ஸ், இத்தாலி போலச் செப்டம்பர் கடைசியில் அறுவடை இருக்கும் என்று நினைத்துப் போனால் கூடைகள் காலியாக இருக்கும். இங்கே ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பறிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், அதுவும் குனிந்து குனிந்து கையால். இந்தக் கூடைகளுக்குள் எந்த இயந்திரமும் நுழையாது. விளைச்சலும் சொற்பம். "வெள்ளை ஒயினுக்கு இவ்வளவு விலையா?" என்று கவுன்டரில் முணுமுணுக்கும் முன் அந்த முதுகுகளை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

சரி, கோப்பைக்கு வருவோம். இத்தீவின் முக்கியத் திராட்சை அசிர்டிகோ. முதல் மடக்கில் "ஐயோ, புளிக்குதே" என்று முகம் சுளித்துக் கோப்பையைத் தள்ளி வைப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. இனிப்பையும் பழ வாசனையையும் எதிர்பார்த்தால் இது ஏமாற்றும். எலுமிச்சை, உப்பு, மழை பட்ட கல் என்று வேறு திசையில் போகும் ஒயின் இது. இந்த வெயிலிலும் புளிப்பை இழக்காமல் பழுப்பதுதான் இதன் விசேஷம். கூடவே ஏதாவது சாப்பிட்டால் அந்தப் புளிப்பு வேலை செய்வது தெரியும். தீவின் 'ஃபாவா'வை வாங்குங்கள். பெயரைப் பார்த்து மொச்சை என்று நினைக்க வேண்டாம். இது ஒரு மஞ்சள் பருப்பை மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவது. நம் பருப்புக் கடைசலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சைவக்காரர்களுக்கு வெறும் வயிற்றில் குடிக்காமல் தப்பிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஐஸ் கேட்காதீர்கள். அதிகம் குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும். 10, 12 டிகிரி போதும். சென்ட் போடக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். சன்ஸ்கிரீனைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கையில் அதைத் தடவிக்கொண்டு கோப்பையைப் பிடித்தால் எல்லா ஒயினும் தேங்காய் வாசனைதான்.

நிக்டேரி என்று ஓர் ஒயின் தருவார்கள். இரவு என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பகல் சூட்டுக்குப் பயந்து இரவில் திராட்சையைப் பிழிந்த வழக்கத்தின் நினைவு. மரப்பீப்பாயில் வைப்பதால் கனமாக இருக்கும். இதை அசிர்டிகோவுக்கு முன்னால் குடித்தால் அடுத்தது தண்ணீராகத் தெரியும். வின்சாண்டோ எல்லாவற்றுக்கும் கடைசியில். வெயிலில் காய வைத்த திராட்சையிலிருந்து எடுத்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் பீப்பாயில் ஊறிய இனிப்பு ஒயின் அது. இத்தாலியின் டஸ்கனியிலும் வின் சாண்டோ என்று இரண்டு சொல்லாக எழுதும் ஒயின் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் சாண்டோரினிக்காரர்கள் புன்னகையோடு நீண்ட விளக்கம் ஒன்று தருவார்கள்.

துப்புவதற்கு வெட்கப்படாதீர்கள். காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா என்று நமக்கு மனசு வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை ஊற்றுவது 50 மில்லி, ஆறு வகை என்றால் 300 மில்லி. மூன்று இடத்துக்குப் போனால் 900. அதாவது முழு பாட்டிலுக்கும் மேல், அதுவும் 13, 14 சதவீத ஆல்கஹால். மேசையில் வைத்திருக்கும் பாத்திரம் அதற்குத்தான். நாளுக்கு இரண்டு இடம் என்பது என் எல்லை.

இதைவிட ஆபத்தானது, வாடகைக்கு எடுத்த நாலு சக்கர பைக்கில் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவது. கிரேக்கத்தில் கார் ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் உச்சவரம்பு. மோட்டார் சைக்கிளுக்கு 0.2. இரண்டாவது கோப்பையிலேயே தாண்டிவிடலாம். சாலைகள் குறுகல், சில இடங்களில் ஓரம் முடிந்தால் பள்ளம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். டாக்சியைப் பேசிக்கொள்ளுங்கள், அல்லது ஃபீராவிலிருந்து போகும் பஸ்ஸைப் பிடியுங்கள்.

வாங்கிய பாட்டிலைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடலில் குளிக்கப் போகாதீர்கள், வெந்துவிடும். விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் பெரும்பாலும் விடமாட்டார்கள். துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். இந்தியாவுக்கு வரியில்லாமல் ஒருவர் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் மூன்று என்றால் தாண்டிவிடும். அசிர்டிகோ இரண்டு, அரை லிட்டர் வின்சாண்டோ ஒன்று. கணக்கு சரியாக 2 லிட்டர்.