திவேஹியும் யொருபாவும்: அன்றாடப் பேச்சை மொழிபெயர்க்கத் தொடங்குவது எப்படி

கூகுள் டிரான்ஸ்லேட்டில் இரண்டு மொழியுமே உண்டு. நைஜீரியாவின் யொருபா 2013-லும் மாலத்தீவின் திவேஹி 2022-லும் சேர்ந்தன. ஆனால் பெரும்பாலானோர் நடுவில் ஆங்கிலத்தை வைத்துத்தான் இந்த இரண்டுக்கும் இடையே போய்வருகிறார்கள், அங்கேதான் அர்த்தம் கெடுகிறது. நடுவில் தமிழை வையுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் ஒரு அட்டவணை போடுங்கள். திவேஹிக்கு ஒரு கட்டம், தமிழுக்கு ஒன்று, யொருபாவுக்கு ஒன்று. திவேஹியின் தானா எழுத்து வலமிருந்து இடமாக ஓடும், யொருபா இடமிருந்து வலமாக. இரண்டையும் ஒரே வரியில் தட்டினால் கர்சர் தாறுமாறாகக் குதிக்கும். யொருபாவில் எழுத்தின் மேலே வரும் கோடுகளையும் கீழே வரும் புள்ளியையும் விட்டுவிடாதீர்கள். 'ஒகொ' என்பதில் சுரம் மாறினால் கணவன், வண்டி, மண்வெட்டி என்று மூன்று வேறு சொற்கள்!

அடுத்து, யாரிடம் பேசுகிறோம் என்று தமிழ்க் கட்டத்தில் எழுதுங்கள். யொருபாவில் நன்றி சொல்ல, சமவயதுக்காரரிடம் 'ஓ ஷே', பெரியவரிடம் 'எ ஷே'. அந்த 'எ' நம்ம 'நீங்க' மாதிரியே, பலருக்கும் வரும், மரியாதைக்கும் வரும். திவேஹியில் 'ஷுகுரிய்யா' என்றால் போதும். நலம் விசாரிக்க 'ஹாலு கிஹினெஹ்?', பதிலுக்கு 'ரங்களு', அதில் வருவது நம்முடைய ள தான். அந்தக் கேள்வியில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை, அதனால் யொருபாவுக்குக் கொண்டுபோகும்போது எதிரில் இருப்பவரின் வயதைப் பார்த்து மரியாதையை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். ஒருவர் கால் இடறி விழப் போகிறார், பக்கத்தில் இருக்கும் யொருபாக்காரர் 'பெலே' என்கிறார் (முதல் எழுத்தை க, ப இரண்டும் ஒட்டினாற்போலச் சொல்ல வேண்டும்). ஆங்கிலம் வழியாகப் போனால் இது 'சாரி' ஆகி, அங்கிருந்து திவேஹியில் 'மாஃபு குரே', அதாவது மன்னித்துவிடுங்கள் என்று போய் நிற்கும், தள்ளிவிட்டவரே இவர்தான் என்பது போல! அவர் சொன்னது நம்ம ஊரில் 'அய்யோ, பார்த்துங்க' என்போமே, அது. உண்மையிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் யொருபாவில் 'எ மா பினு', கோபப்படாதீங்க என்று பொருள், 'மாஃபு குரே'க்கு ஜோடி அதுதான். யொருபாவின் 'எ கு இஷே'யும் 'பெலே' வகைதான். வேலையில் இருப்பவரைப் பார்த்ததும் சொல்லும் வாழ்த்து. திவேஹியில் அதைச் சொல்லுக்குச் சொல் தேடி அலையாமல், அந்த இடத்தில் நலம் விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் வாக்கியம். திவேஹியில் 'அஹரென் கெயஹ் தனீ', நான் வீட்டுக்குப் போகிறேன். வரிசை அச்சு அசல் தமிழ். யொருபாவில் 'மோ ன் லொ சிலே', நான், போகிறேன், வீட்டுக்கு. வினையை நடுவுக்கு நகர்த்தினால் சரியாக வந்துவிடும்.

பத்து வரி சேர்ந்ததும் யொருபாக் கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிட்டு மறுபடி தமிழுக்குக் கொண்டுவாருங்கள். 'நீங்க' என்று எழுதியது 'நீ' ஆகித் திரும்பினால் அந்த வரியை அழித்துத் திரும்ப எழுதுங்கள்.