நல்ல குடித்தனக்காரருக்கு நன்றி காட்டறேன்னு மலை மேல ஹவுஸ் ஓனருங்க பண்ற தப்புங்க

குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி பக்கம் கீழ இருந்து வந்து இடம் வாங்கி வீடு கட்டி, மேல் போர்ஷனையோ அவுட் ஹவுஸையோ வாடகைக்கு விடறவங்க இப்ப நிறைய ஆயிட்டாங்க. பார்த்த வரைக்கும் முக்காவாசி பேர் கெட்டவங்க இல்ல. நல்ல ஆள் குடி வந்துட்டா நிஜமாவே சந்தோஷப்படறாங்க, ஏதாச்சும் செய்யணும்னும் நினைக்கறாங்க. செய்யற விதத்துலதான் கோட்டை விடறாங்க. எங்க குடும்பம் லைன் வீடு விட ஆரம்பிச்ச காலத்துல என்னென்ன கூத்து பண்ணுச்சோ அதையே அச்சு மாறாம பண்ணிட்டிருக்காங்க, பார்க்கறப்போ கை துறுதுறுங்குது, அதான் எழுத உக்காந்துட்டேன்.

அட்வான்ஸை அமுக்காதீங்க, தண்ணிய நிறுத்தாதீங்க, குடி வர்ற ஆள் என்ன ஜாதின்னு விசாரிக்காதீங்கன்னெல்லாம் சொல்லப் போறதில்ல. அதெல்லாம் தப்புன்னு தெரியாதவங்க இதைப் படிக்கப் போறதும் இல்ல.

ஸ்வீட் பாக்ஸோட கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கறது

தீபாவளிக்கு ஒரு கிலோ மைசூர்பா குடுக்கறது தப்பில்ல. ஆனா பாத்ரூம் கீசர் புரட்டாசில இருந்து ஓடலைன்னு மூணு தடவை சொன்ன வீட்டுக்கு மைசூர்பாவோட போய் நிக்கறீங்க பாருங்க, அங்கதான் பிரச்சனை. கீழ ஊர்ல கீசர் ஆடம்பரமா இருக்கலாம். இங்க மார்கழி தையில புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கிடக்கற காலைல ஆறரை மணிக்கு ஸ்கூல் பிள்ளைய குளிக்க வைக்கறவங்களுக்கு அது சோறு மாதிரி. நன்றி காட்டணும்னா மழைக்கு முன்னாடி ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டிட்டுப் போய் கீசர், எர்த்து, ஜன்னல் கொக்கி, கூரை ஷீட்ல ஒழுகற இடம் எல்லாம் ஒரே நாள்ல பார்த்து முடிச்சுக் குடுங்க. அவங்க கேட்டு செய்யறது ரிப்பேர். கேட்கறதுக்கு முன்னாடி செஞ்சாதான் மரியாதை.

இன்னொன்னு, உள்ளூர்லயே இருக்கறவங்களுக்கு வர்க்கியும் ஹோம்மேட் சாக்லேட்டும் டூரிஸ்ட்டுக்குக் குடுக்கற மாதிரி குடுக்காதீங்க, அதே பேக்கரிலதான் அவங்களும் வாங்கறாங்க. அவங்க லீவுக்கு சொந்த ஊர் கிளம்பறப்போ குடுங்க, நல்ல டீத்தூள் ரெண்டு பாக்கெட், தைலம் ஒரு பாட்டில், வர்க்கி ஒரு கிலோ. அங்க நாலு வீட்டுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க, அவங்களுக்கும் பெருமை.

கரி சட்டி, கரி அடுப்பு கிஃப்ட்

வேண்டவே வேண்டாம். மூடின ரூம்ல கரி எரிஞ்சா வர்ற கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்னுடும், அதுக்கு வாசமும் இல்ல, நிறமும் இல்ல.

சீசனுக்கு மட்டும் காலி பண்ணச் சொல்றது

கோடை சீசன்ல டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விடறதுக்காக குடியிருக்கறவங்களைக் காலி பண்ணச் சொல்றாங்களே, இதைப் பத்திதான் நிறைய பேசணும், ஏன்னா வருஷா வருஷம் மாசி பங்குனில யாராவது ஒருத்தர் எங்கிட்ட வந்து இதையே யோசனை மாதிரி கேட்கறாங்க, எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கல.

கதை எப்பவும் ஒண்ணுதான். எங்க ரோட்டுக்கு மேல ஒரு ரிட்டையர்டு சார் வீடு. கீழ் போர்ஷன்ல புருஷன் தனியார் ஆஸ்பத்திரில லேப்ல வேலை, பொண்டாட்டி ஸ்கூல்ல டீச்சர், பொண்ணு பத்தாவது. வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடும். அதை விடுங்க, வீட்டுக்குப் பின்னாடி தடுப்புச்சுவர் இருக்கு, அதுல தண்ணி வெளிய வர்றதுக்கு விட்ட குழாய்ங்கள்ல சில்வர் ஓக் மரத்து இலை போய் அடைச்சுக்கும், அந்த லேப்காரத் தம்பி மழைக்கு முன்னாடி தானாவே ஏறி ஒரு கம்பிய விட்டுக் குத்தி சுத்தம் பண்ணுவாரு. யாரும் சொல்லல. 2009 நவம்பர்ல கேத்தி, குன்னூர் பக்கமெல்லாம் மண்ணு சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போய்ச் சேர்ந்தாங்களே, அதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும் அந்தக் குழாய் அடைச்சா என்ன ஆகும்னு. சுவருக்குப் பின்னாடி தண்ணி தேங்கும், மண்ணு ஊறி கனக்கும், சுவரைத் தள்ளும். ஒரு தடுப்புச்சுவர் திரும்பக் கட்டணும்னா இன்னிக்கு லட்சக்கணக்குல.

சார் அதைக் கவனிக்காம இல்ல. "தம்பி மாதிரி ஆள் கிடைக்க குடுத்து வச்சிருக்கணும்"னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. பொங்கலுக்கு ஹாட் பாக்ஸ் செட், வேட்டி, புடவை. ரொம்ப நல்லா செஞ்சாரு. மார்ச் மாசம், அந்தப் பொண்ணு பப்ளிக் எக்ஸாம் எழுதப் போற நேரம் பார்த்து போய் நிக்கறாரு, "தம்பி, ஏப்ரல் மே மட்டும் நம்ம போர்ஷனைக் கொஞ்சம் காலி பண்ணிக் குடுங்களேன், சாமானை ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிக்கலாம், ஜூன்ல நீங்களே வந்துடுங்க, நீங்க நம்ம வீட்டு ஆளு, உங்ககிட்ட கேட்காம யார்கிட்ட கேட்கறது?"

தம்பி சண்டை போடல. "சரிங்க சார், பொண்ணு பரீட்சை முடியட்டும்"னாரு. பரீட்சை முடிஞ்ச வாரமே அருவங்காட்டுல வீடு பார்த்துட்டுப் போயிட்டாரு. சாமான் ஒண்ணையும் ரூம்ல பூட்டல. ஜூன்ல இவர் போன் பண்ணினா "இங்கயே செட் ஆயிடுச்சுங்க சார்"னு மரியாதையா சொல்லி வச்சுட்டாரு.

இப்ப கணக்குக்கு வருவோம், ஏன்னா மனுஷத்தனம்னு பேசினா "அதெல்லாம் சரிப்பா, சீசன்ல எவ்வளவு வருது தெரியுமா"ம்பாங்க. வாடகை பதினோராயிரம்னு வச்சுக்குவோம். சீசன்ல ஒரு நாளைக்கு 2,500, முப்பது நாள் புக்கிங் வந்துச்சுன்னே வைங்க, 75,000. அதுல ஆன்லைன் கமிஷன், பெட்ஷீட் துவைக்கற கூலி, சுத்தம் பண்ற அக்கா, தண்ணி லாரி (சித்திரை வைகாசில குன்னூர்ல தண்ணி நிலவரம் தெரியும்ல), ராத்திரி முழுக்க கீசர் ஓட்டினதுல வந்த கரண்ட் பில்லு, உடைச்சுட்டுப் போன டாய்லெட் சீட்டு எல்லாம் கழிச்சா 45,000 நின்னா பெரிய விஷயம். அந்த ரெண்டு மாச வாடகை 22,000 எப்படியும் வந்திருக்கும், ஆக லாபம் வெறும் 23,000. அப்புறம் ஜூன்ல ஆள் கிடைக்கல. புது ஆளுங்க ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடியே வேற வீடு பார்த்து முடிச்சுடறாங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பூட்டிக் கிடந்தா 44,000 போச்சு. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை போச்சு. இன்னும் வீட்டுக்குள்ள என்ன ஆச்சுன்னு நான் சொல்லவே இல்ல.

கீழ இருந்து வர்றவங்களுக்கு இதுதான் பிடிபட மாட்டேங்குது. மலைல வீட்டைப் பூட்டி வச்சா வீடு அப்படியே இருக்காது. குன்னூருக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகைலதான், கூடலூர் மாதிரி ஜூன் ஜூலைல கொட்டாது, ஆனா மூடுபனியும் சாரலும் விடாம இருக்கும். தினம் அடுப்பெரிஞ்சு, வெயில் அடிச்சா ஜன்னலைத் திறந்து, மெத்தையத் தூக்கி வெளிய போட்டு, ஆள் நடமாட்டம் இருக்கற வீடு காஞ்சு கிடக்கும். பூட்டின வீட்ல மூணே வாரத்துல அலமாரிக்குப் பின்னாடி பூஞ்சை, சீலிங்ல கறுப்புப் புள்ளி, மரக்கதவு ஊதி மூட வராது, சுவிட்ச் போர்டுக்குள்ள ஈரம், கூரைல எலி. தோட்டத்துக்கு வேலி போட்டு வச்சதைக் காட்டுமாடு சாய்ச்சுட்டுப் போனா பார்த்துச் சொல்லவும் ஆள் இல்ல. சார் வீட்ல செப்டம்பர் கடைசில திறந்து பார்த்தா பெயின்ட் உரிஞ்சு தொங்குது, முப்பதாயிரம் செலவு. அந்தக் கார்த்திகை மழைல தடுப்புச்சுவர் குழாயை யாரும் குத்தி விடல, நல்லவேளை சுவர் முழுசா போகல, ஒரு ஓரம் வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது, எப்ப விழுமோன்னு பார்த்துட்டிருக்காரு.

ஆக அந்தத் தம்பி வாடகை குடுத்து குடியிருந்தாருன்னு நாம நினைக்கறோம், அவர்தான் காசும் குடுத்து அந்த வீட்டைக் காப்பாத்திட்டும் இருந்திருக்காரு.

இதுல இன்னொரு கணக்கும் மாறிப்போச்சு. 2024 மே 7-லருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 சீசனுக்கு நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு எண்ணிக்கையே வச்சாங்க. மலர்க் கண்காட்சிக்கும் சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சிக்கும் வர்ற கூட்டம் எல்லாம் நம்ம சந்துக்குள்ள வந்து தங்கும்னு பழைய கணக்கு போடாதீங்க. அனுமதி இல்லாம வீட்டை காட்டேஜா விட்டா சீல் வைக்கறதும் இங்க புதுசில்ல.

சீசன் காசுதான் முக்கியம்னா தப்பே இல்ல, முதல்லயே காட்டேஜ்னு முறையா அனுமதி வாங்கி அதை மட்டும் நடத்துங்க. குடும்பத்தைக் குடி வச்சுட்டு, அவங்க நல்லவங்களா இருக்கற ஒரே காரணத்தால அவங்களையே போய்க் கேட்கறது இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு ஆகாது. வம்பு பண்ற ஆள்கிட்ட போய் இப்படிக் கேட்க உங்களுக்கு தைரியம் வருமா? வராது. இளிச்சவாயன்னு தெரிஞ்சுதான் கேட்கறோம், அதுக்கு "நம்ம வீட்டு ஆளு"ன்னு ஒரு பேரு வேற.

நல்ல ஆளுக்கு நன்றி சொல்லணும்னா ஜனவரிலயே போய் "இந்த சீசன், அடுத்த சீசன் ரெண்டுக்கும் உங்களை யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க"ன்னு சொல்லுங்க, சொல்லி அக்ரிமென்ட்ல எழுதிக் குடுங்க. பதினோரு மாசம்னு போடறதை ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு போடுங்க, போட்டு முறையா ரெஜிஸ்டர் பண்ணுங்க. இந்த ஊர்ல வாடகை வீட்ல இருக்கறவங்க மாசி பொறந்தா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்காங்க. அந்தப் பயத்தை எடுத்து விட்டா எந்த ஹாட் பாக்ஸும் கிட்ட வராது.

பாசத்துல வாடகையே ஏத்தாம விட்டுட்டு ஒரே நாள்ல ஏத்தறது

இதுவும் நல்ல எண்ணத்துல ஆரம்பிக்கறதுதான். "அவங்களுக்கு எதுக்கு ஏத்திக்கிட்டு"ன்னு அஞ்சு வருஷம் விடுவாங்க, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கற வாடகை காதுல விழும், தூக்கம் போயிடும், அடுத்த வாரமே நாலாயிரம் ஏத்துவாங்க. அஞ்சு வருஷம் காட்டின பெருந்தன்மை அவங்க ஞாபகத்துல இருக்காது, அந்த நாலாயிரம்தான் இருக்கும். வருஷத்துக்கு கொஞ்சமா ஏத்துங்க, எவ்வளவுன்னு அக்ரிமென்ட்லயே போடுங்க. மார்க்கெட்ல ஆயிரம் ஏறினா இவங்களுக்கு ஐநூறு ஏத்துங்க, அதைச் சொல்லியே ஏத்துங்க. சலுகை காட்டறது அவங்களுக்குத் தெரியணும்ல.

கரண்ட்ல காசு பார்த்துட்டு கேக் குடுக்கறது

ரெண்டு போர்ஷனுக்கும் ஒரே மீட்டர், சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு பத்து ரூபா வாங்கறீங்க. ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் ஃப்ரீ உங்களுக்கு மட்டும் போகுது. ரெண்டு வீடும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் மாறினா அந்தப் பாரமும் அவங்க தலைல. அவங்க பேசாம குடுத்தா தெரியலைன்னு அர்த்தம் இல்ல. தனி சர்வீஸ் வாங்கிக் குடுங்க, கிறிஸ்துமஸ் கேக்கை அப்புறம் பார்த்துக்கலாம்.

ஸ்வீட் குடுத்த மறுநாள் வேலை சொல்றது

"தம்பி, பிளம்பர் வருவான், கொஞ்சம் நின்னு பார்த்துக்குங்க." வேண்டாம்.

சொல்லாம உள்ள போறது

பலகாரம் குடுக்கற சாக்குல கதவைத் தட்டிட்டு அப்படியே கிச்சன் வரைக்கும் போய் சிங்க்கைப் பார்த்துட்டு வர்ற பெரியவங்க இருக்காங்க. உங்க வீடா இருந்தாலும் 2017 வாடகைச் சட்டப்படி இருபத்திநாலு மணி நேரம் முன்னாடி சொல்லிட்டுத்தான் போகணும், வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட என்ன கஷ்டம்? பலகாரத்தை வாசல்ல குடுத்துட்டு வந்துடுங்க.

ஒருத்தரைப் புகழ்ந்து இன்னொருத்தரைக் குத்தறது

மேல் வீட்டுக்காரங்க முன்னாடி கீழ் வீட்டைப் புகழ்ந்தா, கீழ் வீட்டுக்காரங்கதான் படியில ஏறி இறங்க முடியாம தவிப்பாங்க. தனியா சொல்லுங்க.

காலி பண்றப்போ மூஞ்சி மாறறது

டிரான்ஸ்ஃபர் வந்து போறாங்க. இத்தனை வருஷம் அவங்களைக் கொண்டாடிட்டு, போற அன்னிக்கு சுவத்துல ஆணி எண்ணிட்டு நிக்காதீங்க. ஈரத்துல பெயின்ட் உரியறது இந்த ஊரோட குணம், அதுக்கு அவங்க அட்வான்ஸ்ல கை வைக்காதீங்க. ஒரு மாசத்துக்குள்ள திருப்பித் தரணும்னு சட்டம் சொல்லுது, ஆனா நல்ல ஆளுக்கு ஒரு மாசம் எதுக்கு, புது ஊர்ல அவங்களும் அட்வான்ஸ் குடுக்கணும்ல. சாமான் ஏத்தறதுக்கு முந்தின நாளே மீட்டர் ரீடிங்கைச் சேர்ந்து பார்த்து, போட்டோ எடுத்து, பாக்கி இருந்தா கழிச்சு, மீதியை அப்பவே அக்கவுன்ட்ல போட்டுடுங்க. புது ஊர் ஹவுஸ் ஓனர் போன் பண்ணி எப்படிப்பட்ட ஆளுங்கன்னு கேட்டா ரெண்டு நிமிஷம் ஒதுக்கி முழுசா சொல்லுங்க. அவங்ககிட்டயே கேளுங்க, அவங்க ஆபீஸ்லயோ ஸ்கூல்லயோ வீடு தேடறவங்க யாராச்சும் இருக்காங்களான்னு. எங்க லைன் வீட்டுக்கு புரோக்கர் வச்சு ரொம்ப வருஷம் ஆச்சு.