ஆஸ்பத்திரி பில் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறிவிட்டதா? நான் இறக்கிய விதம்

டெக்ஸஸில் வீடு வாங்கக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. "உங்கள் பேரில் 712 டாலர் மெடிக்கல் கலெக்‌ஷன் ஒன்று நிற்கிறதே?" என்றார் லோன் ஆபீசர். அதாவது, கட்டாமல் வசூல் ஏஜென்சி கைக்குப் போன மருத்துவ பில் ஒன்று என் கிரெடிட் ரிப்போர்ட்டில் (கடன் வரலாற்றுப் பதிவில்) ஏறியிருந்தது. மகன் சறுக்குமரத்திலிருந்து விழுந்து நெற்றியில் நாலு தையல் போட்ட பழைய கதை அது. பணம் கட்டியாயிற்று என்றே நினைத்திருந்தேன்.

மாதாமாதம் இலவச ஆப்பில் கிரெடிட் ஸ்கோர் (கடனைக் கட்டும் ஒழுங்குக்கான மதிப்பெண்) பார்க்கிறவன் நான். அதில் எந்தச் சரிவும் இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த ஆப் காட்டுவது வான்டேஜ் என்ற ஒரு வகை ஸ்கோர். அது 2023 முதல் மெடிக்கல் கலெக்‌ஷனைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. வீட்டுக் கடன் கொடுப்பவர்களோ பெரும்பாலும் ஃபைகோ என்ற இன்னொரு ஸ்கோரின் பழைய பதிப்புகளைப் பார்க்கிறார்கள். ஆப்பை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள்.

படி 1: மூன்று ரிப்போர்ட்டையும் எடுங்கள்

ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் நிறுவனங்களின் ரிப்போர்ட்டும் வாரம் ஒருமுறை இலவசம். கார்டு நம்பர் கேட்டால் வேறு தளத்துக்குள் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

மெடிக்கல் கலெக்‌ஷனுக்கு மட்டும் சில சலுகைகள் உண்டு. கட்டி முடித்த கலெக்‌ஷன் ரிப்போர்ட்டில் இருக்கக் கூடாது. கட்டாதது ஓராண்டு ஆகாமல் ஏறக் கூடாது. இரண்டும் 2022 ஜூலையில் வந்தவை. 2023 ஏப்ரல் முதல் 500 டாலருக்குக் குறைந்தவையும் ஏறுவதில்லை. உங்களுடையது இவற்றில் ஒன்றானால் நேராகப் படி 5-க்குப் போங்கள்.

படி 2: எந்த பில் என்று கண்டுபிடியுங்கள்

எமர்ஜென்சிக்குப் போனால் ஒரே பில்லோடு முடியாது. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, தையல் போட்ட டாக்டரின் குழுவுக்கு ஒன்று, எக்ஸ்ரே எடுத்தால் அதைப் படித்துச் சொன்னவருக்கு இன்னொன்று. நான் கட்டியது ஆஸ்பத்திரியின் பில் மட்டும்தான். டாக்டர் குழுவின் பில், நாங்கள் காலி செய்துவிட்டு வந்த அபார்ட்மென்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

படி 3: இன்ஷூரன்ஸுக்கு முதலில் போன் போடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். பதற்றத்தில் கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு முதலில் போன் போட்டு, கார்டு நம்பரில் எட்டு இலக்கம் சொல்லியும் விட்டேன். மனைவி போனைப் பிடுங்கி, "இன்ஷூரன்ஸ் ஏன் கட்டலைன்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் இன்ஷூரன்ஸிலிருந்து ஈஓபி (எவ்வளவு அவர்கள் கட்டினார்கள், எவ்வளவு உங்கள் பங்கு என்ற விளக்கம்) என்றொரு தாள் வரும். மேலேயே பெரிய எழுத்தில் 'இது பில் அல்ல' என்று போட்டிருக்கும். பில் இல்லையென்றால் நமக்கெதற்கு என்று ஒன்றரை வருடமாக அதைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். மறுத்த காரணம் அந்தத் தாளின் கீழ்க்கோடியில்தான் இருக்கும், பொடி எழுத்தில். இன்ஷூரன்ஸ் தளத்தில் பழையதைத் தேடி எடுத்தேன். 'உறுப்பினரிடமிருந்து கேட்ட தகவல் வரவில்லை' என்றிருந்தது. மனைவி வேலை மாறியபோது, குடும்பத்துக்கு வேறு இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் பழைய முகவரிக்கு!

போனிலேயே "வேறு இன்ஷூரன்ஸ் இல்லை" என்று பதியச் சொல்லி, கிளெய்மை மறுபடி பரிசீலிக்கக் கேட்டேன். மூன்றாவது அழைப்பில் நடந்தது. 712-இல் என் பங்கு 118 டாலர்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, பேசியவர் பெயர், ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் எழுதி வையுங்கள். எக்செல்லெல்லாம் வேண்டாம், பிள்ளையின் பழைய நோட்டு போதும்.

படி 4: ஏஜென்சிக்குக் கடிதம்

அவர்களிடமிருந்து நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள், கடனை நிரூபிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை வசூலை நிறுத்தியாக வேண்டும் என்பது சட்டம். ஈமெயிலில் எனக்கு நம்பிக்கை இல்லை, சர்டிஃபைட் தபால்தான். கையெழுத்தாகித் திரும்பும் ஒப்புகை அட்டை பச்சை நிறம். அமெரிக்காவில் எனக்கு இதுவரை கிடைத்த ஒரே கிரீன் கார்டு அதுதான்.

படி 5: ரிப்போர்ட்டிலிருந்து நீக்கக் கேட்பது

பணம் கட்டியதும் பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்குங்கள். அதை இணைத்து, எந்த ரிப்போர்ட்டில் இருக்கிறதோ அந்த நிறுவனத்திடம் தனித்தனியாக முறையிடுங்கள். பொதுவாக 30 நாளில் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் வந்தவை

"மெடிக்கல் கடனையே ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டார்களாமே?" 2025 ஜனவரியில் சிஎஃப்பிபி (நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்கான அமெரிக்க அரசு அமைப்பு) அப்படி ஒரு விதி கொண்டுவந்தது உண்மை. அந்த ஜூலையிலேயே டெக்ஸஸ் ஃபெடரல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

"700-இல் 300 கட்டிவிட்டேன், இப்போது 500-க்குக் கீழேதானே?" இல்லை. முதலில் பதிவான தொகைதான் கணக்கு.

கிரெடிட் கார்டில் தேய்த்து முடித்துவிடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கார்டில் ஏறியதும் அது மெடிக்கல் கடன் இல்லை, சாதாரணக் கடன். மேலே சொன்ன சலுகை எதுவும் கிடைக்காது. தவணை வேண்டுமானால் ஆஸ்பத்திரி பில்லிங் ஆபீஸிலேயே கேளுங்கள்.

கோவையிலிருந்து வந்திருந்த அம்மாவை அட்மிட் செய்த ஒருவரின் கேள்வி: பில் யார் தலையில்? நோயாளி பேரில்தான் வரும். ஆனால் அட்மிஷன் தாளில் 'கேரன்டார்' (பணத்துக்குப் பொறுப்பேற்பவர்) என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் கிரெடிட்டுக்கே வரலாம். அந்தத் தாளின் நகலை முதலில் வாங்கிப் பாருங்கள். ஆஸ்பத்திரி லாப நோக்கற்றதானால் நிதி உதவிப் படிவத்தையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள்வரை விண்ணப்பிக்கலாம்.