கம்பைலர் ஆராய்ச்சி: தலைப்பு எடுக்கும்போதே சறுக்கும் இடங்கள்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க்கடையில் இருந்தபோது, தெரிந்த தம்பி ஒருவர் நிரல்மொழி, கம்பைலர் (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) துறையில் தன் கலாநிதிப் பட்ட முன்மொழிவை நீட்டினார். முதல் வரியே “வேகமும் பாதுகாப்பும் கொண்ட புதிய நிரல்மொழி” என்றிருந்தது. “முதல் மூன்று கிழமையில என்ன செய்வீங்கள், தம்பி?” என்று கேட்டேன். அவருக்குப் பதில் வரவில்லை.

பலரும் செய்யும் பெரிய தவறு இதுதான். ஒரு மொழியை உருவாக்குவது ஆய்வுக் கேள்வி ஆகாது. நம் கொழும்பிலேயே பிறந்த பலரினா மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் அறிமுகமாகி 2019இல்தான் 1.0 பதிப்புக்கு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு நிறுவனமே நின்றது. தனி மாணவருக்கு வேண்டியது அதைவிடச் சின்னதும் கூர்மையானதுமான ஒன்று. ரஸ்ட் மொழியின் நூலகங்களுக்குள் ‘அன்சேஃப்’ என்று குறித்து, கம்பைலரின் சில பாதுகாப்புச் சோதனைகளுக்கு வெளியே எழுதிய பகுதிகள் உண்மையில் நம்பத்தக்கவையா? இதைக் கணித முறையில் நிரூபிக்கப் புறப்பட்டதுதான் ரால்ஃப் யுங்கின் கலாநிதி ஆய்வு.

அடுத்தது, “என் முறையால் நிரல் 5 வீதம் வேகமாகும்” என்பதையே தலைப்பாக்குவது. இதில் நான் பிடிவாதமாகவே எச்சரிப்பேன். ஆய்வாளர் மிட்கோவிச்சும் சகாக்களும் 2009இல் காட்டியதைப் பாருங்கள். ஒரே நிரல், ஒரே கணினி. சூழல் மாறிகளின் (பயனர் பெயர் போல, இயங்குதளம் நிரலுக்குக் கொடுக்கும் விவரங்களின்) மொத்த நீளத்தை மட்டும் மாற்றினார்கள். நினைவகத்தில் ஸ்டாக், அதாவது நிரல் தன் தற்காலிக மதிப்புகளை வைக்கும் பகுதி, தொடங்கும் இடம் கொஞ்சம் நகர்ந்தது, ஓடும் நேரமும் மாறியது. ஜிசிசி என்ற கம்பைலரில் நிரலை இன்னும் வேகமாக்க வைத்திருக்கும் ஓ3 நிலை, அதற்குக் கீழுள்ள ஓ2ஐவிட வேகமா, மந்தமா என்ற முடிவே அதனால் புரண்டது. உங்கள் கணினியில் பயனர் பெயர் நீளமாக இருந்தால்கூட இப்படி நடக்கலாம். ஆகவே எப்படி அளப்பீர்கள் என்று முதலில் எழுதுங்கள், அப்புறம் தலைப்பை எழுதுங்கள்.

எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்காக ஏஐயைக் கம்பைலரோடு ஒட்ட வேண்டாம். மேற்பார்வையாளரின் கடைசி மூன்று வருடக் கட்டுரைகளைப் படிக்காமல் அவரிடம் போகவும் வேண்டாம்.

இங்கிருந்து செய்ய முடியாது என்று ஒதுங்குவதும் தவறுதான். இத்துறையின் முக்கிய மாநாடுகளான பாப்பிள், பிஎல்டிஐ இரண்டின் கட்டுரைகளும் இப்போது யாரும் இலவசமாகப் படிக்கும்படி வருகின்றன. ஜிசிசி, இன்னொரு கம்பைலர் தொகுப்பான எல்எல்விஎம் இரண்டின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சிஸ்மித் என்ற கருவி எழுந்தமானமாக சி மொழி நிரல்களை எழுதியது; ஆய்வாளர்கள் அவற்றைப் பல கம்பைலர்களிடம் கொடுத்து, விடைகளை ஒப்பிட்டார்கள். அவ்வளவுதான் யோசனை. 2011இல் கட்டுரை வந்தபோது கம்பைலர்களில் 325க்கும் மேற்பட்ட வழுக்கள் பிடிபட்டிருந்தன.

தம்பி அன்று முன்மொழிவை மடித்துப் பைக்குள் வைத்தார். போன ஞாயிறு சிஸ்மித்தைத் தன் மடிக்கணினியில் இரவு முழுக்க ஓடவிட்டிருக்கிறார். இரண்டு கம்பைலர்கள் வேறு வேறு விடை சொன்ன ஒரு நிரலைச் சுருக்கிச் சுருக்கிப் பதினொரு வரிக்குக் கொண்டுவந்து எனக்கு அனுப்பியிருந்தார், “ஏன் அண்ணை?” என்ற கேள்வியோடு.